சமூக உறுதிச்சீட்டு: சொல்லும் பொருளும்

பேரிடருக்குப் பிறகு மக்களுக்கு உதவி கொண்டுசேர்க்கும் வழிகளைப் பற்றிப் படிக்கும்போது ‘கம்யூனிட்டி வவுச்சர் கரன்சி’ என்ற தொடர் கண்ணில் படும். ஒரு பகுதி மக்கள் தங்களுக்குள் பணம்போலக் கை மாற்றிக்கொள்ளும் சீட்டு அது. தமிழில் சொல்லப்போனால் ‘நிவாரண டோக்கன்’ என்று எழுதிவிடத்தான் முதலில் கை போகும். அது சரிப்படாது.

டோக்கன் நமக்கு நன்றாகத் தெரிந்த பொருள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்குப் பிறகு தமிழ்நாடு அரசு ரேஷன் கடைகள் வழியாக 6,000 ரூபாய் கொடுத்தது; அதற்கு முன் வீடு தேடி டோக்கன் வந்தது. யார், எந்த நாளில் வரிசையில் நிற்க வேண்டும் என்று சொல்வதே அந்தத் தாளின் வேலை. பணத்தை வாங்கியதும் அதன் ஆயுள் முடிந்தது. இந்தியாவில் 2021 ஆகஸ்டில் வந்த ‘இ-ருபி’ இன்னொரு வகை. கைபேசிக்குக் குறுஞ்செய்தியாகவோ கியூஆர் குறியாகவோ வரும் மின்சீட்டு அது. குறித்த ஆள், குறித்த தேவைக்கு மட்டும் பயன்படுத்தலாம். கடைக்காரர் பெற்றுக்கொண்டதும் தொகை அவர் வங்கிக் கணக்குக்குப் போய்விடும். சீட்டு அங்கேயே முடிகிறது.

நாம் பேசும் சீட்டு முதல் கடையோடு நிற்பதில்லை, கை மாறிக்கொண்டே இருக்கும். வெள்ளத்திலோ ஊரடங்கிலோ பிழைப்புப் போன குடும்பம் ஒன்றுக்கு நூறு மதிப்புள்ள சீட்டு கிடைக்கிறது என்று வையுங்கள். அந்த வீட்டம்மா அதைக் கொடுத்துத் தெருமுனையில் கீரையும் தக்காளியும் வாங்குகிறார். காய்கறிக்காரர் அதே சீட்டைத் தண்ணீர் கேன் கொண்டுவருபவருக்குக் கொடுக்கிறார். அவர் மாவு மில்லில் சோளம் அரைக்கிறார். மில்லுக்காரர் தன் பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் கட்டுகிறார். கொடுத்த உதவி ஒன்று, நடந்த வியாபாரம் நான்கு. பேரிடர் வந்த இடத்தில் உழைப்பும் ஓரளவு சரக்கும் மிஞ்சியிருக்கும். அவற்றை மாற்றிக்கொள்ளக் கையில் காசுதான் இருக்காது. அந்த இடைவெளியை அடைக்க வந்ததுதான் இந்தச் சீட்டு.

இனி சொல்லின் கதைக்கு வருவோம். ‘வவுச்சர்’ ஆங்கிலத்துக்குப் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அதற்கும் மூலம் ‘அழை’ என்று பொருள்படும் லத்தீன் வினை. நிலத் தகராறு வழக்கில், ‘இந்த நிலம் இவருடையதுதான்’ என்று உறுதி சொல்ல ஒருவரை மன்றத்துக்கு அழைப்பார்கள். 16ஆம் நூற்றாண்டில் அந்த அழைப்புக்கே வவுச்சர் என்று பெயர். பிறகு ரசீது, கணக்குக்கான சான்று என்று பொருள் நகர்ந்தது. பொருளுக்கு மாற்றிக்கொள்ளும் சீட்டு என்ற பொருள் 20ஆம் நூற்றாண்டில்தான் ஒட்டியது. ஆக, இந்தச் சொல்லின் அடியில் இருப்பது ஒருவருக்காக இன்னொருவர் பிணை நிற்பது.

அந்தப் பழைய பொருள் கென்யாவில் மறுபடி உயிர்பெற்றது. மொம்பாசாவில் ‘பங்களாதேஷ்’ என்றே பெயர் கொண்ட ஒரு குடிசைப் பகுதி இருக்கிறது. அங்கே 2013 மே மாதம் ‘பங்களா-பெசா’ என்ற தாள் சீட்டு தொடங்கியது. தொடங்கியவர் வில் ரடிக் என்ற அமெரிக்கர். ‘கிராஸ்ரூட்ஸ் எகனாமிக்ஸ்’ என்ற அமைப்பை நிறுவியவர். சீட்டு வேண்டும் என்று வருகிற சிறுவணிகருக்கு அதே பகுதியில் கடை வைத்திருக்கும் வேறு சிலர் பிணை நிற்க வேண்டும். சேர்ந்த எல்லோரும், ‘யார் இந்தச் சீட்டைக் கொண்டுவந்தாலும் என் சரக்கைக் கொடுப்பேன்’ என்று ஒப்புக்கொள்ள வேண்டும். சீட்டின் பின்னால் தங்கமும் கிடையாது, அரசும் கிடையாது. இருந்தது அந்தப் பகுதிக்காரர்களின் வாக்கு மட்டுமே. சில நாட்களிலேயே ரடிக்கும் உள்ளூர்க்காரர் சிலரும் கள்ளத்தாள் வழக்கில் கைதானார்கள். ஆகஸ்டில் வழக்கு கைவிடப்பட்டது, சீட்டு மறுபடி புழக்கத்துக்கு வந்தது. ஏழைகள் தங்களுக்குள் கொடுத்துக்கொண்ட வாக்கை அரசு மோசடியாகப் பார்த்ததை நினைத்தால் இன்றும் மனம் கசக்கிறது.

தாளாக இருந்தது பின்னர் கைபேசிக்கு மாறி ‘சராஃபு’ என்று பெயர் பெற்றது. கென்யாவில் பேசும் சுவாஹிலி மொழியில் சராஃபு என்றால் நாணயம். மூலம் அரபு, அங்கே ‘ஸர்ராஃப்’ என்பவர் காசு மாற்றிக் கொடுப்பவர். அதே சொல் தமிழுக்கும் வந்து ‘சராப்பு’ ஆனது: காசை நோட்டம் பார்ப்பவர், நாணயம் மாற்றுபவர். ஆங்கிலத்தில் ‘ஷ்ராஃப்’ என்பதும் இதுதான். பங்களா-பெசாவில் வரும் பெசா இன்னும் நெருங்கிய சொந்தம், நம் பைசாதான். இந்தியப் பெருங்கடல் வணிகம் ஒரே சொற்களை இரு கரைகளிலும் இறக்கிவிட்டுப் போயிருக்கிறது.

சராஃபுவுக்குப் பெரிய சோதனை 2020இல் வந்தது. கொரோனாவால் ஏப்ரலில் நைரோபியிலிருந்து வெளியே போகவும் உள்ளே வரவும் தடை. கூலி வேலை நின்றது. கென்யச் செஞ்சிலுவைச் சங்கம் நைரோபியின் முகுரு குடிசைப் பகுதியில் சராஃபுவைக் கையில் எடுத்தது. பின்னணியில் பல கணினிகளில் ஒரே கணக்கைப் பதிந்து வைக்கும் பிளாக்செயின் பதிவேடு ஓடினாலும், மக்கள் கையில் இருந்தது சாதாரண பட்டன் போன்தான். ரீசார்ஜ் இருப்பைப் பார்ப்பதுபோல எண்களை அழுத்தினால் போதும், இணையம் தேவையில்லை. ஒரு சராஃபு ஏறக்குறைய ஒரு கென்ய ஷில்லிங் என்று வைத்துக்கொண்டார்கள். 2020 ஜனவரி முதல் 2021 ஜூன் வரையிலான பரிமாற்றங்கள் பெயர் நீக்கப்பட்டு ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன: ஏறக்குறைய 40,000 கணக்குகள், 4 லட்சத்துக்கு மேற்பட்ட பரிமாற்றங்கள். சீட்டு பெரும்பாலும் அந்தந்த வட்டாரத்துக்குள்ளேயே சுற்றியது என்பது அதில் தெரிந்தது. அதைச் சுற்றவிட்டவர்களில் முக்கியமானவை ‘சாமா’ எனப்படும் சேமிப்புக் குழுக்கள். நம் ஊர் மகளிர் சுயஉதவிக் குழுவையும் சீட்டுப் பிடிக்கும் அக்காமார்களையும் ஒன்றாகச் சேர்த்தால் சாமா. உதவி நிறுவனம் வெளியிலிருந்து வந்து போகும். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது இந்தக் குழுக்களுக்குத்தான் தெரியும்.

சீட்டை யாரும் முடக்கி வைக்கக் கூடாது என்பதற்காகத் தேய்மானம் வைப்பதும் உண்டு. வைத்திருந்தால் மதிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். சராஃபுவில் அது மாதத்துக்கு 2 விழுக்காடாக இருந்தது. யோசனை பழையது: ஆஸ்திரியாவின் வோர்கல் நகரம் 1932இல் வெளியிட்ட சீட்டில் மாதம் 1 விழுக்காட்டுக்கு முத்திரைத்தலை வாங்கி ஒட்ட வேண்டியிருந்தது. நாட்டு மத்திய வங்கி அதை 1933இல் நிறுத்திவிட்டது.

இந்த முறையின் பெரிய சிக்கல் மொத்த வியாபாரி. தெருக் காய்கறிக்காரர் சீட்டை வாங்கிக்கொள்வார். ஆனால் அவருக்குச் சரக்குப் போடும் பெரிய மண்டி ஷில்லிங்கைத்தான் கேட்கும். சீட்டுகள் அவரிடம் குவிந்துபோனால், மறுநாள் ‘இன்றைக்குக் காசு மட்டும்’ என்று சொல்லிவிடுவார். அதனால் சேர்ந்த சீட்டில் ஒரு பகுதியைப் பணமாக மாற்றித் தர ஒரு கையிருப்பு நிதி வேண்டும். நன்கொடை அந்த நிதிக்குள் போவது நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து. ஆனால் கடைகளே வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போன இடத்தில் இதெல்லாம் முதல் வாரத்துக்கு உதவாது. அங்கே அரிசியும் குடிநீரும் கூடாரமும்தான் முதலில் போக வேண்டும்.

சரி, தமிழில் எப்படி எழுதலாம்? ‘பற்றுச்சீட்டு’ ரசீதுக்கு உரியது, இலங்கையில் அன்றாட வழக்கு. ‘செலவுச்சீட்டு’ அலுவலகக் கணக்குக்குப் பொருந்தும், இங்கே ஒட்டாது. ‘கூப்பன்’ பிரெஞ்சில் வெட்டு என்பதிலிருந்து வந்தது; கிழித்துக் கொடுத்தால் தீர்ந்துபோவது. வவுச்சருக்குக் கணக்கியலில் புழங்கும் ‘உறுதிச்சீட்டு’ இதற்குக் கச்சிதம், பிணை நிற்கும் பொருள் அதில் அப்படியே இருக்கிறது. முன்னால் ‘சமூக’ சேர்த்தால் யாருடைய உறுதி என்பதும் விளங்கும். ‘கரன்சி’ என்ற பகுதியையும் காட்ட வேண்டிய இடத்தில் ‘சமூக நாணயம்’ என்று எழுதலாம். ‘நாணயமான ஆள்’ என்று சொல்கிற மொழிக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இந்தியாவில் கேட்டதும் பணம் தருவதாக, கொண்டுவருபவர் யாரானாலும் செல்லும் வகையில் தனியார் சீட்டு வெளியிட ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 31ஆம் பிரிவு இடம் தராது. இங்கே யாராவது சமூக உறுதிச்சீட்டை முயன்று பார்ப்பதானால், சீட்டு பணத்துக்கு அல்லாமல் பொருளுக்கோ வேலைக்கோ உறுதி சொல்வதாக இருக்க வேண்டும். முதல் தாளை அச்சடிக்கும் முன்பே ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட வேண்டும்.