ரத்தத்தில் இருக்கும் இரும்பைக் காந்தம் இழுக்குமா?

காந்த பெல்ட், காந்த வளையல், காந்த மெத்தை என்று விற்பவர்கள் எல்லோரும் சொல்லும் கதை ஒன்றுதான். ரத்தத்தில் இரும்பு இருக்கிறது, காந்தம் இரும்பை இழுக்கும், ஆகவே காந்தத்தைக் கட்டிக்கொண்டால் ரத்த ஓட்டம் கூடும். நான் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறவன். நெஞ்சுவலியோடு வருகிறவர் கையிலிருந்தும், ஆறாத சர்க்கரைப் புண்ணோடு வருகிறவர் இடுப்பிலிருந்தும் இந்தச் சாமான்களைக் கழற்றி உறவினரிடம் கொடுப்பது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. "சும்மா கட்டியிருந்தால் என்ன டாக்டர், கெடுதல் ஒன்றும் இல்லையே" என்பார்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்குக் காந்தமே கெடுதல் செய்யலாம். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் கெடுதல் வருவது, அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடுவதால்.

ரத்தத்தில் இரும்பு இருப்பது உண்மை. ஒரு பெரியவரின் உடம்பில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்பு உண்டு, அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஹீமோகுளோபினில். ஆனால் அது ஆணியில் இருக்கும் இரும்பு அல்ல. ஆணியில் கோடிக்கணக்கான அணுக்கள் நெருக்கமாக அடுக்கி, ஒன்றின் காந்தத்தன்மை மற்றதைத் தன் பக்கம் திருப்பி, எல்லாம் ஒரே திசையில் நிற்கும். அதனால்தான் காந்தம் ஆணியை இழுக்கிறது. ஹீமோகுளோபினில் இரும்பு அயனியாக இருக்கிறது. இரண்டு எலக்ட்ரான்களை இழந்து, ஒரு பெரிய புரதத்துக்குள் தனியாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு ஹீமோகுளோபினுக்கு நான்கே இரும்பு, ஒன்றுக்கொன்று தொலைவில். கூடி நிற்க வழியே இல்லை.

பிளஸ் டூ வேதியியலில் இடைநிலைத் தனிமங்கள் என்ற பாடம் படித்தவர்களுக்கு ஒரு விஷயம் நினைவிருக்கலாம். இணை சேராத எலக்ட்ரான் இருந்தால் அந்த அயனி பாராகாந்தத் தன்மை உடையது, காந்தப் புலத்தால் லேசாக ஈர்க்கப்படும். எல்லாம் இணை சேர்ந்துவிட்டால் டயாகாந்தத் தன்மை, லேசாக விலக்கப்படும். மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்த இந்தப் பாடம் நம் ரத்தக் குழாயில் ஒவ்வொரு மூச்சுக்கும் நடந்துகொண்டிருக்கிறது. 1845-இல் மைக்கேல் ஃபாரடே உலர்ந்த ரத்தத்தைச் சோதித்து, அதைக் காந்தம் ஈர்க்கவில்லை என்று கண்டார். புது ரத்தத்தையும் பார்க்க வேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தார். 1936-இல் அமெரிக்காவில் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெலும் முறையாக அளந்தார்கள். ஆக்ஸிஜன் இல்லாத ஹீமோகுளோபினில் ஒவ்வொரு இரும்புக்கும் நான்கு இணை சேராத எலக்ட்ரான்கள். ஆக்ஸிஜன் வந்து ஒட்டியதும் அது பூஜ்யம். நுரையீரலுக்குள் நுழையும் ரத்தத்துக்கு ஒரு காந்த குணம், வெளியேறும் ரத்தத்துக்கு வேறொன்று.

அப்படியானால் அசுத்த ரத்தத்தையாவது காந்தம் இழுக்குமே என்று கேட்கலாம். இழுக்காது. ரத்தத்தில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீர் டயாகாந்தம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் சிரை ரத்தம்கூட மொத்தத்தில் மிக லேசாக விலக்கப்படும் பொருள்தான். இவ்வளவு கணக்கும் வேண்டாம் என்றால் எம்.ஆர்.ஐ. அறையைப் பாருங்கள். அங்கே 1.5 அல்லது 3 டெஸ்லா (காந்தப் புலத்தை அளக்கும் அலகு) காந்தத்துக்குள் முழு ஆளையும் படுக்க வைக்கிறோம். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தத்தைவிட நூறு மடங்குக்கும் மேல். அறைக்குள் கொண்டுபோன ஆக்ஸிஜன் சிலிண்டரை அது பறக்க வைக்கும். படுத்திருப்பவரின் ரத்தத்தை ஒன்றும் செய்வதில்லை. அதனால் முடியாததை வளையலில் பதித்த பொட்டளவு காந்தம் செய்யும் என்பதற்கு நான்காயிரம் ஐந்தாயிரம் கொடுக்கிறார்கள்.

ரத்தத்தின் காந்த குணம் பயன்படும் இடம் வேறு. 1990-இல் செய்ஜி ஒகாவாவும் அவருடைய குழுவினரும், ஆக்ஸிஜன் உள்ள ரத்தத்துக்கும் இல்லாத ரத்தத்துக்கும் இருக்கும் இந்த நுண்ணிய வித்தியாசத்தை வைத்தே மூளையில் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று படம் பிடிக்கலாம் எனக் காட்டினார்கள். எங்களுக்கு அன்றாடம் உதவுவது இன்னொன்று. வயதானவர் தலையில் ரத்தக்கசிவோடு வருவார், எப்போது விழுந்தார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. கசிந்த ரத்தத்தில் உள்ள இரும்பு முதலில் ஆக்ஸிஜனை இழக்கும், சில நாளில் இன்னொரு எலக்ட்ரானையும் இழக்கும், வாரக்கணக்கில் ஆனால் ஹீமோசிடெரின் என்ற படிவாக மாறும். ஒவ்வொரு கட்டத்திலும் காந்த குணம் மாறுவதால் எம்.ஆர்.ஐ. படத்தின் வெளுப்பும் கருப்பும் மாறும். கசிவு நேற்றையதா, பத்து நாள் பழையதா என்று ரேடியாலஜிஸ்ட் அதைப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

அந்த "இன்னொரு எலக்ட்ரான்" பற்றித்தான் நான் முக்கியமாக எழுத நினைத்தேன்.

இரண்டு எலக்ட்ரான் இழந்த இரும்பு பெரஸ். மூன்று இழந்தது பெரிக். பெரஸ் இரும்புதான் ஆக்ஸிஜனைப் பிடிக்கும், இறக்கியும் விடும். பெரிக் ஆகிவிட்டால் பிடிக்கவே பிடிக்காது. அதோடு நிற்காமல், அதே ஹீமோகுளோபினில் நல்லபடியாக இருக்கும் மற்ற இரும்புகளும் தாங்கள் பிடித்த ஆக்ஸிஜனைத் திசுக்களுக்கு விடாமல் இறுக்கிக்கொள்ளும். இப்படி மாறிய ஹீமோகுளோபினுக்கு மெத்ஹீமோகுளோபின் என்று பெயர். எல்லோருடைய ரத்தத்திலும் தினமும் கொஞ்சம் உருவாகிறது, சிவப்பணுவில் உள்ள ஒரு நொதி அதற்கு எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுத்துச் சரி செய்துகொண்டே இருக்கிறது. அதனால் சாதாரணமாக அளவு 1 சதவீதம் போலத்தான் நிற்கும். ஏதாவது ஒரு ரசாயனம் நொதியின் வேகத்தைத் தாண்டி எலக்ட்ரானைப் பறித்தால் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். தலைவலி, மூச்சிரைப்பு, குழப்பம் வரும். 70 சதவீதத்தைத் தாண்டினால் உயிர் தப்புவது அரிது.

விவசாயப் பகுதி மருத்துவமனைகளில் இதை நாங்கள் பார்ப்பது பெரும்பாலும் நைட்ரோபென்சீனால். செடியில் பூ அதிகம் பிடிக்க அடிக்கும் மருந்துகள் சிலவற்றில் அது இருக்கிறது. பூச்சிமருந்துக் கடையில் வாங்கி வந்து வீட்டு மாடத்தில் வைத்திருப்பார்கள். கோபத்தில் குடிப்பவர்கள் உண்டு, தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்ததைத் தெரியாமல் குடித்தவர்களும் உண்டு. ஊசியில் எடுக்கும் ரத்தம் சாக்லேட் நிறத்தில் வரும். ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுக் காற்றில் காட்டினால் சாதாரண சிரை ரத்தம் சிவக்கும். இது பழுப்பாகவே கிடக்கும்.

இந்த இடத்தில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ஏமாற்றும். கொரோனாவுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு இருக்கும் அந்தக் கருவி, சிவப்பு, அகச்சிவப்பு என்ற இரண்டு ஒளியையும் ரத்தம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று ஒப்பிட்டுக் கணக்குப் போடுகிறது. மெத்ஹீமோகுளோபின் இரண்டையும் ஏறத்தாழ ஒரே அளவில் உறிஞ்சும். அது அதிகமாக ஆக, கருவி 85 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்ளும். நிலைமை இன்னும் மோசமானாலும் அங்கேயே நிற்கும். ஆக்ஸிஜன் வைத்த பிறகும் ஆள் நீலமாகவே இருந்து, எண் 85-ஐ விட்டு நகரவில்லை என்றால் நுரையீரலை மட்டும் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

இதற்கு மருந்து மெத்திலின் ப்ளூ என்ற நீலச் சாயம். ரத்தக்குழாயில் ஏற்றினால், சிவப்பணுவில் சும்மா கிடக்கும் வேறொரு நொதிப் பாதையைப் பயன்படுத்தி இரும்புக்கு எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுக்கும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் உதட்டில் நிறம் திரும்புவதைப் பார்க்கலாம். சிறுநீர் பச்சை நீலமாகப் போகும், பயப்பட வேண்டாம். ஜி-6-பி-டி என்ற சிவப்பணு நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு இது வேலை செய்யாது, ரத்த அணுக்களை உடைக்கவும் செய்யும். குடும்பத்தில் யாருக்காவது அந்தக் குறை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நைட்ரோபென்சீன் உடம்புக் கொழுப்பில் தங்கி மெல்ல மெல்ல வெளிவரும். அதனால் தேறியவருக்கு மறுநாள் மறுபடி நீலம் பாரிக்கலாம். "நல்லாத்தான் இருக்கார், கூட்டிட்டுப் போறோம்" என்று கையெழுத்துப் போட்டுக் கிளம்புகிற உறவினர்களிடம் நாங்கள் மல்லுக்கு நிற்பது இதனால்தான்.

குழந்தைகளுக்கு வரும் வழி வேறு, கிணற்றுத் தண்ணீர். உரமும் சாணமும் கழிவுநீரும் இறங்கும் நிலத்தில் கிணறு, போர்வெல் தண்ணீரில் நைட்ரேட் சேரும். பெரியவர்கள் குடித்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்தச் சரிசெய்யும் நொதி இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது. புட்டிப்பாலை அந்தத் தண்ணீரில் கலக்கினால் குழந்தை நீலம் பாரிக்கலாம். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட்டுக்கு மேல் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். கொதிக்க வைத்துக் கொடுக்கிறோமே என்பார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்தக் கவலை இல்லை. புட்டிப்பால் தவிர்க்க முடியாத வீட்டில், கிணற்று நீரை ஒருமுறை பரிசோதனைக்குக் கொடுத்துவிடுவது நல்லது.

தோல் நோய்க்குக் கொடுக்கும் டாப்சோன், மரத்துப்போக வைக்கும் சில மருந்துகள் இவையும் சிலருக்கு இதே வேலையைச் செய்யும். வேடிக்கை என்னவென்றால், சயனைடு விஷத்துக்கு நாங்களே வேண்டுமென்று நைட்ரைட் கொடுத்து மெத்ஹீமோகுளோபினை உண்டாக்குவதும் உண்டு. சயனைடுக்குப் பெரிக் இரும்பின் மேல்தான் ஆசை. செல்லுக்குள் இருக்கும் பெரிக் இரும்பை விட்டுவிட்டு ரத்தத்தில் உள்ளதைப் பிடித்துக்கொள்ளும். இப்போது அதற்குக் கோபால்ட் அயனி கொண்ட ஹைட்ராக்ஸோகோபாலமின் இருக்கிறது. அது வைட்டமின் பி12-இன் ஒரு வடிவம்தான்.

கார்பன் மோனாக்சைடு இதற்கு நேர்மாறு. அது பெரஸ் இரும்பையே குறிவைத்து, ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடிக்கும். நீலம் பாரிக்காது, பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் 98 என்று காட்டும். குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவதும், ஜெனரேட்டரை மூடிய இடத்தில் ஓட்டுவதும் உயிரை எடுப்பது இப்படித்தான். ஒரே வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, வாந்தி என்றால் சாப்பாட்டை மட்டும் சந்தேகிக்காதீர்கள். முதலில் எல்லோரையும் வெளியே கொண்டு வாருங்கள்.

அப்புறம் இரும்புச்சத்து மாத்திரை. பள்ளியில் வாரம் ஒன்று கொடுக்கும் நீல மாத்திரை, கர்ப்பிணிகளுக்குத் தினமும் கொடுக்கும் சிவப்பு மாத்திரை, இரண்டிலும் 60 மில்லிகிராம் இரும்பு. குடல் உறிஞ்சுவது பெரஸ் நிலையில் உள்ளதைத்தான். எலுமிச்சை, நெல்லிக்காய் போன்றவற்றில் உள்ள வைட்டமின் சி இரும்பை அந்த நிலையிலேயே வைத்திருக்க உதவும். டீ, காபியில் உள்ள டானின் கட்டிப்போட்டுவிடும். காலை டீயோடு மாத்திரையை விழுங்கிவிட்டு "மூணு மாசமாப் போடுறேன், ரத்தம் ஏறவே இல்ல" என்று சொல்பவர்கள் நிறைய. கால்சியம் மாத்திரையையும் இதையும் சேர்த்துப் போடக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மலம் கறுப்பாகப் போவது இயல்பு, அதற்காக நிறுத்த வேண்டாம்.

அதே மாத்திரை சின்னக் குழந்தைக்கு விஷம். கட்டுப்பாடில்லாமல் ரத்தத்தில் அலையும் பெரஸ் இரும்பு, ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து எதையும் தாக்கும் துகள்களை உண்டாக்கும். அடுப்புக்குள் இருக்கும்வரை நெருப்பு சோறு பொங்கும், வெளியே வந்தால் கூரையைப் பிடிக்கும் என்பது மாதிரிதான். உடம்பு தன் இரும்பை எப்போதும் ஏதாவது புரதத்துக்குள் பூட்டியே வைத்திருப்பது இதற்காகத்தான். உடல் எடையில் கிலோவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து, 20-ஐத் தாண்டினாலே தொல்லை தொடங்கும். பத்துக் கிலோ குழந்தை அந்த ஆபத்தான அளவை எட்டப் பத்து மாத்திரை போதும். அம்மாவுக்கு வந்த மாத்திரை மிட்டாய் மாதிரி சிவப்பாக, இனிப்புப் பூச்சோடு, தலையணைக்குப் பக்கத்திலேயே கிடக்கும்.

முதல் ஆறு மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு, சில சமயம் ரத்தத்தோடு. அதன் பிறகு குழந்தை தெளிந்து விளையாடத் தொடங்கலாம். அந்த அமைதியை நம்பி வீட்டுக்குப் போனவர்கள், மறுநாள் ஈரல் பழுதாகி, மயங்கிய குழந்தையோடு திரும்பி வருவதுண்டு. இரும்பை உறிஞ்சும் சக்தி கரித்தூளுக்குக் கிடையாது, அதனால் மற்ற விஷங்களுக்குக் கொடுக்கும் அந்த முதலுதவி இங்கே பயன்படாது. டெஃபெராக்ஸமின் என்ற மருந்து இரும்பைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும், சிறுநீர் செம்பழுப்பாகும். வீட்டில் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்பே குழந்தையைக் கொன்றுவிடும். 108-ஐ அழைத்துவிட்டு, மீதி மாத்திரையையும் காலி அட்டையையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். எத்தனை போயிருக்கும் என்பதை அதை எண்ணித்தான் நாங்கள் கணக்குப் போடுவோம்.