ஆயில் ஃபில்டர்: தமிழில் நெய்யரி

எங்கள் டீசல் வேனுக்கு ஆயில் மாற்றிய அன்று, கழற்றிப் போட்ட பழைய ஃபில்டரை வீட்டுக்கு எடுத்து வந்தேன். தகரக் கத்தரியால் டப்பாவைச் சுற்றி வெட்டித் திறந்தேன். (ஹேக்சாவால் அறுத்தால் அறுக்கும் தூளே உள்ளே விழுந்து நம்மை ஏமாற்றிவிடும்.) உள்ளே விசிறி மடிப்பாக மடித்த தாள், அதன் நடுவில் துளைகள் போட்ட குழாய். மடிப்புகளை விரித்துப் பிடித்தால் கன்னங்கரேலென்று இருந்தது. ஒரு துண்டைப் பிழிந்து வெயிலில் காட்டியபோது, கருப்புக்கு நடுவே ஊசிமுனை அளவில் இரண்டு மூன்று பொடிகள் மினுங்கின. என்ஜினுக்குள் தேய்ந்த இரும்பு.

இந்தப் பொருளுக்கு ‘எண்ணெய் வடிகட்டி’ என்று எழுதுகிறோம். தவறில்லை. ஆனால் இதற்கென்றே அச்சில் வார்த்ததுபோல ஒரு பழைய சொல் நம்மிடம் இருக்கிறது: நெய்யரி.

முதலில் ஃபில்டரைப் பார்ப்போம். இது இடைக்கால லத்தீனின் ‘ஃபில்ட்ரும்’ என்பதிலிருந்து வந்தது. அந்தச் சொல்லுக்குப் பொருள், ஆட்டு ரோமத்தை அழுத்திச் செய்த கம்பளித் துணி. திரவத்தை அந்தத் துணியில் ஊற்றி வடித்தார்கள். துணியின் பெயரே செயலுக்கும் கருவிக்கும் ஆகிவிட்டது. நம் ‘வடிகட்டி’யிலும் துணி ஒளிந்திருக்கிறது. பானை வாயில் துணியைக் கட்டி வடிப்பதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு அந்தக் ‘கட்டு’ புரியும்.

நெய்யரிக்கு வருவோம். நெய் என்றதும் இன்று பசுநெய் நினைவுக்கு வருகிறது. பழைய தமிழில் அதன் பொருள் இன்னும் அகலம். எள் தந்த நெய் எண்ணெய்; பிறகு அந்த எண்ணெயே பொதுப்பெயராகி, மண்ணெண்ணெய் வரைக்கும் வந்துவிட்டது. ‘அரி’ என்பது நம் சமையலறையில் இன்றும் உயிரோடு இருக்கும் வினை. அரிசியில் கல் அரிக்கிறோம், சல்லடையில் மணல் அரிக்கிறோம். ஆக, நெய்யை அரிப்பது நெய்யரி. ஆயில் ஃபில்டர் என்பதற்கு எழுத்துக்கு எழுத்து நேர்.

இந்தச் சொல் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூலில் இருக்கிறது. மாணாக்கரைத் தரம் பிரிக்கும் பவணந்தி முனிவர், “அன்னம் ஆவே மண்ணொடு கிளியே, இல்லிக்குடம் ஆடு எருமை நெய்யரி” என்று அடுக்குகிறார். அன்னமும் பசுவும் போன்றவர் முதல் தரம். வரிசையின் கடைசியில் நிற்பது நெய்யரி. உரைகாரர்கள் அதைப் பன்னாடை என்பார்கள். தென்னை, பனை மட்டைகளின் அடியில் நெய்த துணிபோலப் படர்ந்திருக்கும் நார்வலைதான் பன்னாடை. நெய்யையும் கள்ளையும் அதில் வடித்தார்கள். நல்லதைக் கீழே விட்டுவிட்டுக் கசடை மட்டும் பிடித்துவைத்துக்கொள்வதால் அது மோசமான மாணவனுக்கு உவமை ஆனது. இன்றுவரை பன்னாடை ஒரு வசைச்சொல்.

எனக்கு இதில் வருத்தம் உண்டு. மாணவனிடம் குற்றமாகும் அந்தக் குணம்தான் கருவியிடம் கடமை. கசடைத் தன்னிடம் வைத்துக்கொண்டு நல்லதை விட்டுவிடும் அந்தப் பன்னாடை இல்லாவிட்டால், நான் வெயிலில் பார்த்த இரும்புப் பொடி, என்ஜினின் சுழலும் தண்டைத் தாங்கும் கிராங்க் ஷாஃப்ட் பேரிங்குக்குள் போய்க் கோடு கிழித்திருக்கும்.

ஃபில்டர் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும் என்பதையும் இந்தச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது. அரிக்கவும் வேண்டும், நெய்யை நிற்காமல் விடவும் வேண்டும். தாள் கசடால் அடைபட்டாலோ, காலைக் குளிரில் ஆயில் கெட்டியாக இருந்தாலோ, உள்ளே இருக்கும் பைபாஸ் வால்வு திறந்து ஆயிலை அரிக்காமலே என்ஜினுக்கு அனுப்பும். ஆயிலே போகாமல் இருப்பதைவிட அழுக்கு ஆயில் போவது மேல் என்பதற்கான ஏற்பாடு அது. அந்த வால்வு எந்த அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பது என்ஜினுக்கு என்ஜின் மாறும். மரை ஒன்றாக இருக்கிறது, பொருந்திவிட்டது என்று வேறு வண்டியின் ஃபில்டரை முறுக்குவது அதனால்தான் தப்பு. வண்டிக் கையேட்டில் உள்ள பார்ட் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள்.

நெய்யரியால் பிடிக்க முடியாத ஒன்றும் உண்டு: டீசல் எரிந்த கரி. அதன் துகள் மிக மிக நுண்மை, தாளில் நிற்காது. ஆயிலில் கலந்திருக்கும் வேதிப்பொருள்தான் கரியைக் கட்டியாகச் சேரவிடாமல் மிதக்கவைக்கிறது. மாற்றிய சில நாளிலேயே டீசல் வண்டி ஆயில் கறுத்துவிடுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. அது வேலை செய்கிறது என்றுதான் பொருள். இதற்காகவே டீசலுக்கு என்று ஆயில் தரம் தனி. ஆயில் டப்பாவில் ஏ.பி.ஐ. (தரம் வகுக்கும் அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு) என்பதற்குப் பக்கத்தில் சிஐ-4, சிகே-4 என்று ‘சி’யில் தொடங்குவது டீசலுக்கு, ‘எஸ்’ஸில் தொடங்குவது பெட்ரோலுக்கு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புகை மாசுக்கான அரசு வரம்பு) வேன்களின் புகைக்குழாயிலும் கரியைப் பிடிக்க ஒரு ஃபில்டர் இருந்தால், சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். கரி சூட்டில் எரிந்துபோகும். ஆயிலின் சாம்பல் எரியாது, அங்கேயே தங்கி அடைக்கும்.

ஆயில் டப்பாவில் போட்டிருக்கும் 15டபிள்யூ-40 போன்ற எண் குறிக்கும் தன்மைக்கும் ஒரு நல்ல தமிழ்ச்சொல் உண்டு: பாகுநிலை. வெல்லப் பாகு சூட்டில் இளகி ஓடும், ஆறினால் இறுகும். ஆயிலும் அப்படியே. முதல் எண் குளிரில் அது எவ்வளவு ஓடும் என்பதற்கு, அடுத்தது 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. இதையும் கையேடுதான் தீர்மானிக்க வேண்டும்.

காற்று ஃபில்டருக்கு நெய்யரி ஒத்துவராது. அதைக் காற்று வடிகட்டி என்றே சொல்லலாம். கடையில் ‘ஆயில் ஃபில்டர்’ என்றே கேளுங்கள், பொருள் கைக்கு வர வேண்டும். எழுதும்போதும் பிள்ளைகளுக்குக் காட்டும்போதும் நெய்யரி என்று சொல்லுங்கள்.

மாட்டுகிற இடத்தைப் பற்றி ஒன்று. முன்பொரு முறை பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருந்ததை ஒர்க்‌ஷாப்பில் யாரும் கவனிக்கவில்லை. அதன்மேலேயே புதியதை முறுக்கிவிட்டார்கள். இரண்டு வளையம் சேர்ந்தால் நிற்காது; பாதி வழியில் ஆயில் முழுவதும் ரோட்டில். அன்றிலிருந்து ஃபில்டரைக் கழற்றியதும் அந்த இடத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்க்கிறேன். பிறகு புது வளையத்தில் துளி ஆயில் தடவி, கையாலேயே முறுக்குகிறேன். ஸ்பேனர் போட்டு இறுக்குவதில்லை.