31 டிகிரியில் ஒரு ரொட்டி

"ஏம்மா, என்ன இது, கள்ளு வாடை அடிக்குது?"

நான் மூடி வைத்திருந்த பேசினைத் திறந்ததும் பாட்டி கேட்ட கேள்வி இது. மதியம் ஒரு மணிக்கு மாவு பிசைந்து, ஈரத்துணி போட்டு வைத்திருந்தேன். "ஒன்றரை மணி நேரம் பொங்க விடவும்" என்று செய்முறையில் இருந்தது. அலாரம் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் மாவு துணியை முட்டித் தூக்கி, விளிம்பில் வழிந்து, நடுவில் குழி விழுந்து கிடந்தது. அப்படியே அச்சில் போட்டு ஓவனில் வைத்தேன். இரண்டு விரல் உயரத்துக்கு மேல் எழும்பவில்லை. மேல்தோல் வெளிறிப்போய், அறுத்துப் பார்த்தால் அடிப்பக்கம் களி மாதிரி இருந்தது.

ரொட்டி சுட ஆரம்பித்து அது மூன்றாவது வாரம். கேக்கும் பிஸ்கட்டும் ஓரளவு கைக்கு வந்திருந்தன. ரொட்டி மட்டும் பிடி கொடுக்கவில்லை. பாட்டி சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் வழி திறந்தது. அவர் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். சாயங்காலம் கள்ளுக்கடைப் பக்கமிருந்து வீசும் காற்று அவருக்கு மறக்குமா? அவர் மூக்கு பிடித்தது சரியான வாடைதான்.

ரொட்டியைப் பொங்க வைக்கும் ஈஸ்ட், ஒரே ஒரு செல் கொண்ட பூஞ்சை. நூறு செல்களை வரிசையாக நிறுத்தினாலும் ஒரு மில்லிமீட்டர் வராது. 1680-இல் லேவன்ஹுக் தன் நுண்ணோக்கியில் பீர் துளியை வைத்துப் பார்த்தபோது இவை உருண்டை உருண்டையாகத் தெரிந்தன. ஆனால் அவை உயிருள்ளவை, நொதித்தல் அவற்றின் வேலை என்று லூயி பாஸ்டர் 1850-களின் இறுதியில் நிறுவும்வரை அது சர்ச்சையாகவே இருந்தது. கோதுமை மாவில் தண்ணீர் பட்டதும் மாவிலேயே இருக்கும் நொதிகள் ஸ்டார்ச்சை வெட்டிச் சர்க்கரையாக்குகின்றன. அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் தின்கிறது. தின்றுவிட்டுக் கரியமில வாயுவையும் ஆல்கஹாலையும் விடுகிறது. வாயு மாவைத் தூக்குகிறது. ஆல்கஹால் வாசமாக நிற்கிறது. தென்னம்பாளையில் இறங்கிய இனிப்புச் சாறு கள்ளாக மாறும்போதும் இதே குடும்பத்து ஈஸ்ட்தான் வேலை செய்கிறது. ஆப்ப மாவில் கொஞ்சம் கள்ளு ஊற்றினால் மாவு பொங்குவதும் இதனால்தான்.

சரி, ஒன்றரை மணி நேரம் என்று எழுதியிருந்ததே, அது பொய்யா? பொய் இல்லை. அதை எழுதியவரின் சமையலறை 20, 21 டிகிரியில் இருந்திருக்கும். எங்கள் அடுப்படி மதியத்தில் 31 டிகிரி. ஏறக்குறைய 10 டிகிரி ஏறினால் ஈஸ்டின் வேகம் இரண்டு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. அங்கே 90 நிமிடம் பிடிக்கிற வேலை இங்கே 45 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. நான் அலாரத்தை நம்பிக் காத்திருந்த மிச்ச 45 நிமிடத்தில் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று தீர்த்தது. மாவு புளித்தது. வாயுவைத் தாங்க வேண்டிய வலை இழுத்து இழுத்து நைந்துபோனது. தோல் வெளிறியதற்கும் அதுதான் காரணம்: சிவக்க வைக்கத் தேவையான சர்க்கரை மீதி இல்லை.

யோசித்துப் பாருங்கள், இட்லி மாவுக்கு நம் வீட்டில் யாராவது அலாரம் வைக்கிறார்களா? மழைக்காலமா, வெயில் காலமா என்று பார்த்து, மூடியைத் திறந்து முகர்ந்து, கரண்டியால் லேசாகக் கிளறிப் பார்த்துவிட்டு "போதும், ஃபிரிட்ஜில் வை" என்பார்கள். இட்லியில் பொங்க வைப்பது பெரும்பாலும் பாக்டீரியா, ரொட்டியில் ஈஸ்ட்; அந்த வித்தியாசம் உண்டு. ஆனால் இரண்டையும் பார்க்கிற கண் ஒன்றுதான். அது நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. ரொட்டி என்றதும் அதை ஏன் மூட்டை கட்டி வைத்துவிடுகிறோம்?

இப்போது அந்த வலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கோதுமையில் குளூட்டனின், கிளையடின் என்று இரண்டு புரதங்கள் உள்ளன. உலர்ந்த மாவில் அவை சும்மா சுருண்டு கிடக்கும். தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு குளூட்டன் என்ற வலையாகின்றன. குளூட்டனின் என்ற புரதம் மாவுக்குத் திமிறும் விசையைக் கொடுக்கிறது, கிளையடின் இழுபடும் குணத்தைக் கொடுக்கிறது. இந்த வலை இருப்பதால்தான் வாயு வெளியே ஓடிப்போகாமல் ஆயிரக்கணக்கான குமிழிகளாக மாட்டிக்கொள்கிறது. அரிசி மாவில் இந்த வலை கிடையாது. கேக்குக்கு விற்கும் மிருதுவான மாவில் புரதம் குறைவு. அதை வைத்து ரொட்டி சுட்டால் எழும்பாது. புரதம் அதிகமுள்ள மாவு வேண்டும்; மலாயில் "தெப்போங் புரோட்டின் திங்கி" என்று கடையில் கேட்டு வாங்குங்கள்.

வலை தயாரா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. நெல்லிக்காய் அளவு மாவைக் கிள்ளி, இரண்டு கையாலும் மெதுவாக நாலு பக்கமும் விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும். கிழியாமல், விரலின் நிழல் தெரிகிற அளவுக்கு மெல்லிய தோலாக வந்தால் பிசைந்தது போதும். முதல் முறை எனக்கு அப்படி வந்தபோது பாட்டி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கையில காஞ்ச பால உரிச்சா இப்படித்தான் வரும்" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவர் சொன்னது வெறும் உவமை இல்லை. அதற்குள் வேதியியலே இருக்கிறது. ரப்பரும் குளூட்டனும் நீண்ட நீண்ட சங்கிலி மூலக்கூறுகள். இழுத்தால் நீண்டு, விட்டால் பழையபடி சுருண்டுகொள்ளப் பார்ப்பவை. பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839-இல் சார்ல்ஸ் குட்இயர் அதைக் கந்தகத்தோடு சூடாக்கியபோதுதான் அது உறுதியானது. கந்தக அணுக்கள் ஒரு சங்கிலிக்கும் அடுத்த சங்கிலிக்கும் நடுவே பாலம் போட்டன. பிசைந்த மாவிலும் அதே கந்தகப் பாலம்தான். குளூட்டனின் புரதத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது; அதிலுள்ள கந்தகம் பக்கத்துச் சங்கிலியின் கந்தகத்தோடு கைகோத்துக்கொள்கிறது. ரப்பர் கன்றுகள் 1877-இல் வந்து இறங்கி நடப்பட்ட கோலகங்சார் இங்கிருந்து அரை மணி நேர ஓட்டம். அன்று நட்டதில் ஒரு மரம் இன்னும் அங்கே நிற்கிறது. அந்த மரத்தின் வம்சத்தை ஆயுள் முழுக்க வெட்டிய கை, என் மாவைத் தொட்டதும் அடையாளம் கண்டுகொண்டது.

பிசைந்து முடித்த மாவு முரண்டு பிடித்தால், பதினைந்து நிமிடம் மூடி வைத்துவிடுங்கள். பாலங்கள் தளர்ந்து இடம் மாறிக்கொள்ளும். அப்புறம் சொன்னபடி கேட்கும்.

நம் வெயிலைச் சமாளிக்க நான் செய்வது இரண்டே காரியம். ஒன்று, ஈஸ்டைக் குறைப்பது. 500 கிராம் மாவுக்கு 7 கிராம் என்று எழுதியிருந்தால் 3 கிராம் போடுகிறேன். இன்னொன்று தண்ணீர். "வெதுவெதுப்பான தண்ணீர்" என்று குளிர்நாட்டுச் செய்முறைகள் சொல்லும்; இங்கே குளிர்ந்த தண்ணீர்தான் சரி. ரொட்டிக்கடைக்காரர்களுக்கு இதற்கொரு கணக்கு உண்டு. பிசைந்த மாவு 26 டிகிரியில் இருந்தால் நல்லது. 26-ஐ மூன்றால் பெருக்கினால் 78. அதிலிருந்து மாவின் சூடு 31, அடுப்படியின் சூடு 31, கையால் பிசைவதில் ஏறும் சூட்டுக்கு 2 கழித்தால் மீதி 14. தண்ணீர் 14 டிகிரியில் இருக்க வேண்டும். அந்த 500 கிராம் மாவுக்கு 320 கிராம் தண்ணீர், 9 கிராம் உப்பு, 20 கிராம் சர்க்கரை, 30 கிராம் பட்டர் சேர்த்தால் ஒரு பெரிய அச்சுக்குச் சரியாக வரும். உப்பை விட்டுவிடாதீர்கள். சுவைக்கு மட்டுமல்ல, குளூட்டனை இறுக்கவும் ஈஸ்டை அடக்கி வைக்கவும் அது வேண்டும்.

நேரம் இருந்தால் இன்னும் நல்ல வழி, ராத்திரி பிசைந்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுவது. குளிரில் ஈஸ்ட் தூங்கித் தூங்கி வேலை செய்யும், நொதிகள் நிதானமாகச் சுவையைக் கூட்டும். காலையில் ரொட்டியின் மணமே வேறு.

பொங்கியது போதுமா என்பதை விரல் சொல்லும். மாவு தொட்ட விரலால் அரை அங்குலம் அழுத்துங்கள். குழி சட்டென்று மேலே வந்துவிட்டால் இன்னும் ஆகவில்லை. மெதுவாகப் பாதி மட்டும் எழுந்தால் அதுதான் பதம், உடனே ஓவனுக்குள் போக வேண்டும். குழி அப்படியே நின்றால் நேரம் தாண்டிவிட்டது. அச்சில் போடுவதற்கு முன்புதான் தாண்டியது என்றால், அடக்கிப் பிசைந்து மறுபடி உருட்டிவிடலாம், ஓரளவு பிழைக்கும்.

ஓவனின் முதல் பத்து நிமிடத்தை நான் கண்ணாடி முன் உட்கார்ந்து பார்ப்பேன். சூடு ஏற ஏற ஈஸ்ட் கடைசியாக ஒருமுறை வேகம் எடுக்கிறது, குமிழிகளுக்குள் வாயு விரிகிறது, ஆல்கஹாலும் தண்ணீரும் ஆவியாகித் தள்ளுகின்றன. ரொட்டி கண் முன்னே எழுகிறது. உள்ளே 55, 60 டிகிரி தாண்டும்போது ஈஸ்ட் செத்துவிடும். அதன்பின் ஸ்டார்ச் தண்ணீரை உறிஞ்சி வீங்கி, குளூட்டன் வலை வெந்து இறுகி, எழுந்த உருவம் அப்படியே நிலைத்துவிடும். நடுப்பகுதி 95 டிகிரியை எட்டினால் வெந்துவிட்டது என்று அர்த்தம்.

வெளித்தோலில் நடப்பது வேறு. அங்கே தண்ணீர் வற்றி, சூடு 140 டிகிரியைத் தாண்டுகிறது. அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சேர்ந்து பழுப்பு நிறமும் நூற்றுக்கணக்கான மணங்களும் பிறக்கின்றன. இதை 1912-இல் விவரித்த பிரெஞ்சுக்காரரின் பெயரால் மயார் வினை என்கிறோம். அந்த மணங்களில் ஒன்று 2-அசிட்டைல்-1-பைரோலின். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் மணம் உங்களுக்குத் தெரியும்: வீட்டுக்குப் பின்னால் வளரும் பாண்டான் இலையின் மணமும் பாசுமதிச் சோற்றின் மணமும் அதேதான். ரொட்டி வேகும்போது வீடு முழுக்க ஏதோ பழகிய வாசம் வருகிறதே என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு திகைப்பு. காரணம் தெரிந்தபின் அந்த வாசம் இன்னும் பிடித்துப்போனது.

வெந்ததும் உடனே அறுக்கக் கூடாது. உள்ளே ஸ்டார்ச் இன்னும் இறுகிக்கொண்டிருக்கும். ஒரு மணி நேரமாவது ஆற விடுங்கள்.

மறுநாள் ரொட்டி விறைப்பதைப் பலர் காய்ந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். ஈரம் போவது ஒரு பகுதிதான். வெந்து குழைந்த ஸ்டார்ச் மூலக்கூறுகள் ஆறியபின் மறுபடி வரிசையாக அடுக்கிக்கொள்வதுதான் முக்கியக் காரணம். ஃபிரிட்ஜின் குளிரில் அது இன்னும் வேகமாக நடக்கும். அதனால் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். நம் ஈரக்காற்றில் மூன்றாம் நாளே பூஞ்சை பிடிக்கும் என்பதால், மிச்சத்தைத் துண்டு போட்டு ஃபிரீசரில் வைப்பதே மேல். விறைத்த ரொட்டியை 60 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் அந்த அடுக்கு கலைந்து மறுபடி மெத்தென்று ஆகிவிடும்.

தோட்டத்தில் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வீட்டில் இருந்த காலத்தில், மோட்டார் சைக்கிளில் வரும் ரொட்டிக்கார பாயிடம் வாங்கியது மிஞ்சினால், பாட்டி மறுநாள் காலையில் அதை இட்லிச் சட்டியில் இரண்டு நிமிடம் ஆவி காட்டித்தான் காயா என்ற தேங்காய்ப்பால் முட்டை ஜாம் தடவித் தருவார். என் ரொட்டிக்கும் இப்போது அதே சட்டிதான்.