கஞ்சா வழக்கா? முதலில் எடையைக் கேளுங்கள்

பையனைப் போலீஸ் பிடித்துவிட்டது என்று ராத்திரி போன் வந்தால், காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் முதலில் தேடுவது அரசியல் கட்சிக்காரரை. அடுத்து, ஸ்டேஷனில் யாரையாவது தெரியுமா என்று விசாரிப்பது. வக்கீல் ஞாபகம் வருவது மறுநாள், ரிமாண்ட் ஆன பிறகுதான். போதைப்பொருள் வழக்கில் இந்த வரிசை பெரிய நஷ்டம். முதல் நாள் எழுதப்படும் மகஜரும் (எது, எங்கே பிடிபட்டது என்ற பறிமுதல் பத்திரம்) கைதுக் குறிப்பும்தான் பின்னால் வழக்கையே தாங்கி நிற்கும்.

என்ன பொருள், எத்தனை கிராம் என்று கேளுங்கள். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம், கோர்ட் பேச்சில் என்.டி.பி.எஸ்., எடையை வைத்துத்தான் தண்டனையைப் பிரிக்கிறது. கஞ்சா 1 கிலோவுக்குள் இருந்தால் சிறிய அளவு: ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு: குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு, அதோடு 1 லட்சம் முதல் 2 லட்சம் வரை அபராதம். இடைப்பட்டதற்கு 10 ஆண்டு வரை. ஹெராயினில் 5 கிராம், 250 கிராம் என்பவை எல்லைகள். மெத்தாம்பெட்டமைனில் வெறும் 2 கிராம், 50 கிராம். சட்டைப் பைக்குள் அடங்கும் பொட்டலமே வணிக அளவாகிவிடும். மாவு கலந்திருந்தாலும் மொத்த எடைதான் கணக்கு என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லிவிட்டது.

கஞ்சாவில் மட்டும் ஒரு நுணுக்கம் உண்டு. சட்டப்படி கஞ்சா என்பது செடியின் பூத்த, காய்த்த நுனிப் பகுதி. நுனி இல்லாமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் அதில் சேராது. வேரோடு பிடுங்கிய செடியைத் தண்டும் இலையுமாக எடை போட்டிருந்தால், நல்ல வக்கீல் அங்கேதான் கை வைப்பார்.

'வைத்திருந்தார்' என்பதற்கும் பொருள் இருக்கிறது. நம் ஊர் வளவு வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுப் புள்ளிக்கு, அதாவது எட்டுக் குடும்பத்துக்குப் பங்கு, சாவி ஒருவரிடம், பெருக்க வருபவர் வேறொருவர். பட்டாசாலை மூலையில் ஒரு பை கிடந்தால் அது யாருடையது? பொருள் தன் வசம் இருப்பது தெரிந்து, அதன்மேல் பிடியும் இருந்திருக்க வேண்டும். ஆனால் வசம் இருந்ததை அரசுத் தரப்பு காட்டிவிட்டால், தெரியாது என்று நிரூபிக்கும் பாரம் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் விழும். மற்ற வழக்குகளைப் போல வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள்.

உடம்பைச் சோதிக்கும் முன், கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை உண்டு என்று போலீஸ் சொல்லியாக வேண்டும். அது 50-ஆவது பிரிவு. பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். கையில் இருந்த பைக்கும் வண்டிக்கும் இந்த 50-ஆவது பிரிவு பொருந்தாது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். கைதுக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விசாரணையின்போது வக்கீலைப் பார்க்க உரிமை உண்டு. எழுதாத காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.

வணிக அளவு என்றால் ஜாமீன் குதிரைக்கொம்பு. குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்கே தோன்ற வேண்டும். வெளியே வந்தால் மறுபடி செய்யமாட்டார் என்றும் தோன்ற வேண்டும். குற்றப்பத்திரிகைக்கு 180 நாள் அவகாசம். இடைப்பட்ட அளவுக் கஞ்சாவுக்கு 60 நாள். அந்த நாள் கடந்தும் குற்றப்பத்திரிகை வரவில்லை என்றால் ஜாமீன் உரிமையாகிவிடும். ஆனால் அது தாக்கலாவதற்கு முன்பே மனுப் போட்டுக் கேட்க வேண்டும். நாள்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள்.

பையனுக்குப் பழக்கம் இருந்து, பிடிபட்டதும் சிறிய அளவு என்றால் 64ஏ பிரிவைக் கேளுங்கள். அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்தே விலக்குப் பெறலாம். பாதியில் விட்டால் விலக்கு பறிபோகும். வெட்கத்தில் குடும்பங்கள் இதை வாய்விட்டுக் கேட்பதில்லை.

இனி வக்கீல். சொத்து வழக்கில் கெட்டிக்காரராக இருக்கும் குடும்ப வக்கீலே இதற்கும் பொருந்துவார் என்று சொல்ல முடியாது. என்.டி.பி.எஸ். வழக்கில் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து முடித்திருக்கிறாரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். 3 ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள வழக்கு சிறப்பு நீதிமன்றத்துக்குப் போகும், உயர் நீதிமன்றம் என்றால் மதுரைக் கிளை. அங்கெல்லாம் அவரே வருவாரா என்பதும் முக்கியம். குண்டர் சட்டம் பாய்ந்தால் அது தனி வழக்கு, தனி மனு. ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம் என்பதால் அதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

'ஜாமீன் நிச்சயம்' என்று கோர்ட் வாசலில் பேரம் பேசும் புரோக்கர்களிடம் நின்று பேசவே வேண்டாம். ஜெயித்தால் இவ்வளவு என்று ஃபீஸ் பேசுவது வக்கீல் விதிகளுக்கே விரோதம். ஜாமீனுக்கு எவ்வளவு, வழக்கு முடியும்வரை எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள்.

பணம் இல்லையென்றாலும் வழி இருக்கிறது. காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி உரிமை; 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் சட்டம் சொல்கிறது. ரிமாண்டின்போதே மாஜிஸ்திரேட்டிடம் வாய்விட்டுக் கேட்கலாம். வெளியே இருக்கும் வீட்டார் வட்ட சட்டப் பணிகள் குழுவிலோ, சிவகங்கை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ மனுக் கொடுக்கலாம். போனில் கேட்க 15100.