ஏழுக்கும் பத்துக்கும் நடுவே

"இரவில் இரண்டு மூன்று தடவை கழிவறைக்கு எழுந்து போகிறேன். இந்த ஊர் வெக்கையில் நிறையத் தண்ணீர் குடிப்பதால்தானே?" என்று சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

வெக்கைக்குக் குடிக்கும் தண்ணீரில் கணிசமான பகுதி வியர்வையாகப் போய்விடும். ஆனால் இப்படி அடிக்கடி எழுந்து போவது நீரிழிவின் அறிகுறியாகவும் இருக்கலாம். அதில் வரிசையே வேறு. முதலில் சிறுநீர் அதிகம் போகிறது, அதனால்தான் தாகம் எடுக்கிறது. ஏன் என்று பார்க்கச் சிறுநீரகத்துக்குள் போக வேண்டும். உடலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. கூடவே 150 கிராமுக்கும் அதிகமான குளுக்கோஸும் வடிந்துவிடுகிறது. அவ்வளவும் வெளியே போனால் சாப்பிட்டதெல்லாம் வீண்தான். அதற்காகவே வடிகட்டியை அடுத்த நுண்குழாயின் சுவரில் எஸ்ஜிஎல்டி2 என்ற புரதங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சோடியம் அயனியோடு சேர்த்து ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஏறத்தாழ 90 சதவீதத்தை இவையே மீட்டுவிடுகின்றன. தப்பியதைச் சற்றுத் தள்ளியிருக்கும் எஸ்ஜிஎல்டி1 பிடித்துவிடும். என்ன ஒரு சிக்கனம்!

ஆனால் இந்தப் புரதங்களின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. காலை நெரிசலில் எம்ஆர்டி ரயில் நிரம்பியதும் மற்றவர்கள் பிளாட்பாரத்திலேயே நின்றுவிடுவதைப் போல, ரத்தச் சர்க்கரை லிட்டருக்குச் சுமார் 10 மில்லிமோலைத் தாண்டினால் மிச்ச குளுக்கோஸ் குழாயிலேயே தங்குகிறது. அது தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. பள்ளியில் படித்த சவ்வூடு பரவல்தான். சிறுநீர் பெருகுகிறது, உடல் வறள்கிறது, மூளை தாகத்தைக் கிளப்புகிறது. கலோரியும் சேர்ந்து போவதால் எடை குறைகிறது.

சரி, நீரிழிவு என்று மருத்துவர் சொல்லும் அளவு எது? வெறும் வயிற்றில் 7 மில்லிமோல். ஏழுக்கும் பத்துக்கும் நடுவே சிறுநீரகம் சத்தமில்லாமல் எல்லாவற்றையும் மீட்டுக்கொண்டே இருக்கும். தாகமும் இருக்காது, வலியும் இருக்காது. வயதாக ஆக அந்தப் பத்து இன்னும் மேலே ஏறுவதால், அப்பா அம்மாவுக்கு அறிகுறி தாமதமாகத்தான் தெரியும். கழிவறையில் எறும்பு மொய்த்தால் சர்க்கரை, மொய்க்காவிட்டால் பயமில்லை என்பார்கள். முதல் பாதியில் உண்மை உண்டு. இரண்டாம் பாதியை நம்பவே கூடாது.

அதற்கும் முன்பே தோல் காட்டிக்கொடுப்பதுண்டு. இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காதபோது கணையம் அதை அதிகமாகச் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின் தோல் செல்களைத் தூண்ட, பின்கழுத்தும் அக்குளும் கறுத்துத் தடிக்கின்றன. அழுக்கு என்று பிள்ளைகளின் கழுத்தைப் பயத்தமாவு போட்டுத் தேய்க்காதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835இல் பிரித்தெடுத்த ஃபுளோரிசின் என்ற பொருள், இந்தப் புரதங்களைத் தடுத்துச் சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றியது. அதன் வழி வந்தவைதான் இன்று நீரிழிவுக்குத் தரும் எஸ்ஜிஎல்டி2 தடுப்பு மாத்திரைகள். உடனடிப் பலன் தெரியாத ஆராய்ச்சிக்கும் அரசுகள் பணம் ஒதுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஈசூன் வாசகருக்கு: புராஸ்டேட் வீக்கம் போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம். தண்ணீரைக் குறைத்துப் பார்க்காமல், இந்த வாரமே பாலிகிளினிக்கில் வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 6.1 முதல் 6.9 மில்லிமோல் வரை வந்தால் உணவாலும் நடையாலும் சர்க்கரையைக் குறைக்க இன்னும் வாய்ப்பு இருக்கிறது.