ஆட்டோகிராஃப்: கையொப்பமா, தன்கையெழுத்தா?

பாளையங்கோட்டைப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பின் கடைசி நாள்களில் கைமாறும் வண்ணத்தாள் ஏட்டில்தான் எங்களில் பலர் 'ஆட்டோகிராஃப்' என்ற சொல்லை முதலில் கண்டோம். அதில் தோழர்கள் நான்கு வரி எழுதிக் கீழே பெயரிட்டார்கள். பின்னாளில் நடிகரிடமும் கிரிக்கெட் ஆட்டக்காரரிடமும் தாளை நீட்டிப் பெறுகிற வெறும் பெயர்க் கிறுக்கலுக்கும் அதே சொல் வழங்கலாயிற்று. சொல்லின் பிறப்பை நோக்கினால் பள்ளி ஏடே அதற்கு நெருக்கமானது. கிரேக்கத்தில் 'ஆட்டோஸ்' என்றால் தான். 'கிராஃபெய்ன்' என்றால் எழுதுதல். ஒருவர் தம் கைப்பட எழுதியது என்பதே மூலப்பொருள். கையொப்பம் என்ற பொருள் பிற்பாடு வந்து ஒட்டியது.

புகழ்பெற்ற படைத்தலைவர்களின் கடிதங்களைச் சேகரிப்போரிடையே அந்தப் பழைய பொருள் இன்னும் மங்கவில்லை. கடிதம் முழுவதும் தலைவரின் கையால் எழுதப்பட்டுக் கையொப்பமும் அவருடையதாக இருந்தால் அது ஒரு வகை. எழுத்தர் எழுதிய கடிதத்தின் அடியில் தலைவர் பெயரை மட்டும் இட்டிருந்தால் அது வேறு வகை. முன்னதற்கே மதிப்பும் விலையும் மிகுதி. நெப்போலியன் பெரும்பாலும் வாயால் சொல்லி எழுதுவித்தவர். 1804-இல் பேரரசரான பின் முழுப்பெயரைக்கூட இடாமல் 'நெப்' என்றோ ஓரெழுத்தாகவோ கீறிவிட்டுப் போன கடிதங்கள் பல உள்ளன. அவர் தம் கைப்பட எழுதியவை அரிது. கிடைத்தாலும் வாசிப்பது அதைவிட அரிது.

ஆங்கிலக் கடற்படைத் தலைவர் நெல்சனின் கடிதங்களில் கையே காலத்தைச் சொல்லிவிடும். 1797 ஜூலையில் டெனரீஃப் தீவில் நடந்த தாக்குதலில் வலக்கையை இழந்த அவர், சில நாள்களுக்குள் இடக்கையால் எழுதத் தொடங்கி, 1805-இல் டிரஃபால்கரில் இறக்கும்வரை அவ்வாறே எழுதினார். ஆகவே, அவருடைய வலக்கை எழுத்தில் 1800 எனத் தேதியிட்ட கடிதம் ஒன்று விற்பனைக்கு வந்தால், அது போலி, மேலும் ஆராய வேண்டியதே இல்லை. வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற ஆங்கிலத் தளபதி வெலிங்டனின் பெயரும் இதே வேலையைச் செய்கிறது: 1798 வரை வெஸ்லி, பின்னர் வெல்லெஸ்லி, 1809-இல் பிரபுப் பட்டம் பெற்ற பிறகு வெலிங்டன். கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த அவர் 'வெல்லெஸ்லி'யே.

கயத்தாறு என்றதும் அங்கே அந்தத் தண்டனையை நிறைவேற்றிய மேஜர் பானர்மேனின் கடிதங்கள் நினைவுக்கு வரும். அத்தகைய படை அதிகாரிகள் சென்னைக்கு அனுப்பிய கடிதங்களைக் கும்பினி எழுத்தர்கள் பதிவேடுகளில் பெயர்த்து எழுதி வைத்தனர். வரலாறு எழுதுவோர்க்கு அந்தப் பெயர்ப்பு போதும். சேகரிப்பவருக்கு அது ஆட்டோகிராஃப் ஆகாது, நம் வழக்கில் சொன்னால் அது படியோலை.

தமிழில் இதற்குச் சொல் என்ன? கையொப்பம் என்பது பெயரிடுதலை மட்டும் குறிக்கும். ஒப்பு என்பதில் இசைவு இருக்கிறது, எழுதியவர் யார் என்ற செய்தி இல்லை. எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் உள்ள பழைய கிரையப் பத்திரத்தில் மூன்று பக்கமும் பத்திர எழுத்தரின் சாய்ந்த, சீரான எழுத்து. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் தாத்தாவின் பெயர், மெய்யெழுத்துப் புள்ளிகள் தாளின் மறுபுறம் தடவினால் தெரியும் அளவுக்கு அழுத்தி இடப்பட்டிருக்கிறது. ஒரு வரிகூட எழுதாத அவரைத்தான் பத்திரம் 'எழுதிக் கொடுத்தவர்' என்கிறது! நெப்போலியனின் நிலையும் இதுதான். கைநாட்டு பெயரெழுதத் தெரியாதவரின் அடையாளமாகிவிட்டது. கைச்சாத்து பழைய ஆவணங்களில் உண்டு, ஆயினும் அதுவும் கையொப்பமே. கையெழுத்து என்பதோ இரு பொருளுக்கும் நிற்கிறது: 'கையெழுத்து நன்றாயிருந்தால் தலையெழுத்து நன்றாயிராது' என்னும்போது ஒன்று, 'கையெழுத்துப் போடு' என்னும்போது மற்றொன்று.

சோழர் காலக் கல்வெட்டுகளின் இறுதியில் 'இவை இன்னார் எழுத்து' என்று வருவதைக் காணலாம். பெரியபுராணத்தில் திருவெண்ணெய்நல்லூர் அவையின் முன் காட்டப்படும் அடிமை ஓலையும் 'இவை என் எழுத்து' என்றே முடிகிறது. சுந்தரர் தமக்கு அடிமை என்று வழக்காட வந்த முதியவரிடமிருந்து அவர் பறித்துக் கிழித்தது படியோலை. முதியவர் மூல ஓலையை எடுத்துக் காட்டியதும், அவையோர் சுந்தரருடைய பாட்டனாரின் வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, இரண்டின் எழுத்தையும் ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புரைத்தனர். ஏலக்கூட வல்லுநர் இன்று நெல்சன் கடிதத்தில் செய்வதும் இதுவே.

ஆகவே 'தன்கையெழுத்து' என்பதையே நான் கொள்வேன். 'தன்வரலாறு' என்பது ஏற்கெனவே இந்த வார்ப்பில் நிலைபெற்றிருக்கிறது. சேகரிப்போர் பட்டியலில் தலைவர் தாமே எழுதியதைத் தன்கையெழுத்துக் கடிதம் என்றும், பிறர் எழுத அவர் பெயரிட்டதைக் கையொப்பக் கடிதம் என்றும் பிரித்து எழுதலாம். 'தற்' என்று தொடங்கும் வடிவம் மட்டும் வேண்டாம். தன் குறி என்ற பொருளில், எழுதப் படிக்கத் தெரியாதவர் பெயருக்குப் பதிலாக இட்ட கீற்றைக் குறித்த 'தற்குறி' என்ற சொல், இன்று திருநெல்வேலித் தெருவில் எவர்மேல் ஏவினாலும் சண்டையில்தான் முடியும்.