நாலாவது மாடியில் ஒரு ‘ர்’

ஒரே நகரத்துக்குள் ஆங்கிலம் எப்படிப் பிரிகிறது? 1962 நவம்பரில் வில்லியம் லபாவ் என்ற மொழியியலாளர் இதை அளக்க எளிய வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். நியூயார்க்கில் மூன்று பெரிய கடைகளுக்குப் போனார்: பணக்காரர்களின் சாக்ஸ், நடுத்தர மக்களின் மேசிஸ், மலிவு விலைக்குப் பெயர்போன எஸ். க்ளைன். நாலாவது மாடியில் இருக்கும் ஏதாவது ஒரு பிரிவைச் சொல்லி, அது எங்கே என்று ஊழியர்களிடம் கேட்டார். “ஃபோர்த் ஃப்ளோர்” என்று பதில் வரும். சரியாகக் காதில் விழாதவர் போல மறுபடி கேட்பார். இந்த முறை அவர்கள் நிறுத்தி, அழுத்திச் சொல்வார்கள். ஆக, ஒரே ஆளிடம் ‘ர்’ வரக்கூடிய நான்கு இடங்கள், இயல்பான பேச்சில் இரண்டு, கவனமான பேச்சில் இரண்டு. ‘ர்’ ஒலித்ததா, “ஃபோத் ஃப்ளோ” என்று தேய்ந்ததா என்பதைக் கண்மறைவாகப் போய்க் குறித்துக்கொள்வார்.

பேட்டி என்று சொல்லி ஒலிப்பதிவுக் கருவியை நீட்டியிருந்தால் எல்லோரும் நாக்கைத் திருத்திக்கொண்டுதான் பேசியிருப்பார்கள். பேச்சை ஆராய்பவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது.

264 பேர் பேசினார்கள். ஓரிடத்திலாவது ‘ர்’ ஒலித்தவர்கள் சாக்ஸில் 62 சதவீதம், மேசிஸில் 51, க்ளைனில் சுமார் 20. மேசிஸ் ஊழியர்கள் இரண்டாம் முறை ‘ஃப்ளோர்’ என்று சொன்னபோது சாக்ஸ்காரர்களை நெருங்கிவிட்டார்கள். எது ‘உயர்ந்த’ உச்சரிப்பு என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. இங்கிலாந்தில் நிலைமை நேர்மாறு: அங்கே ‘ர்’ஐ விடுவதுதான் மேட்டுக்குடிப் பேச்சு. ஒலிக்கென்று சொந்தமாக மதிப்பு எதுவும் கிடையாது. பேசும் ஆளைப் பார்த்து நாம் ஏற்றிவைப்பதுதான்.

மேலே ஏறும் ஆசை மட்டும் மொழியை மாற்றுவதில்லை. மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால் மார்த்தாஸ் வினியர்ட் என்ற தீவு இருக்கிறது. கோடை விருந்தாளிகள் அங்கே பெருகியபோது, ‘ரைட்’, ‘ஹவுஸ்’ போன்ற சொற்களில் வரும் ‘ஐ’, ‘அவ்’ ஒலிகளின் ‘ஆ’ போன்ற தொடக்கம் உள்ளூர் வாயில் ‘அ’ பக்கம் குறுகியது. ஊரிலேயே தங்க நினைத்தவர்களிடம், குறிப்பாக தீவின் சில்மார்க் என்ற ஊர் மீனவர்களிடம், இது மிகுதி. வெளியேற நினைத்தவர்களிடம் குறைவு.

1980களில் டெட்ராய்ட் புறநகர்ப் பள்ளி ஒன்றை பெனலப்பி எக்கர்ட் என்ற மொழியியலாளர் ஆராய்ந்தார். பள்ளி நடவடிக்கைகளில் ஊறியவர்கள் ‘ஜாக்’, பள்ளியை ஒதுக்கி நகரத்தை நோக்கியவர்கள் ‘பர்ன்அவுட்’. புதிதாக நகர்ந்துகொண்டிருந்த சில உயிரொலிகளில் பர்ன்அவுட்கள் முந்தினார்கள். அந்த வித்தியாசத்தை, பெற்றோர் பார்த்த வேலையைவிட, பிள்ளை எந்தக் கூட்டத்தோடு சேர்ந்தது என்பதே தெளிவாகக் காட்டியது.